பத்தொன்பது வரிசை

கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் என் பிறந்தநாளன்று டெல்பர்ட் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அதற்காக அவனைக் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. நான் பிறந்தது செப்டம்பர் பதினேழு. லோடை ஊர்ப்பக்கம் திராட்சை வைத்திருப்பவர்களுக்கு அது அறுவடையின் நட்டநடு. நான் மெழுகுவத்தி ஊதியதெல்லாம் ஒயின் ஆலையின் எடை மேடைக்கு முன்னால் லாரி வரிசையில் காத்திருந்தபோதுதான். ஒரு வருடம் கேக் கூட இல்லை. பெட்ரோல் பங்கில் வாங்கிய டோனட்டில் ஒரு தீக்குச்சியைக் குத்திக் கொளுத்தினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்குச் சீக்கிரம் சிரிப்பு வரும்.

அதனால் என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்பு அவன் காலைச் சாப்பாட்டு மேசையில், "சனிக்கெழம மலைப்பக்கம் போறோம். நாள் பூரா ஒயின் ருசி பாக்குறோம்" என்று அறிவித்தபோது நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"காய்ச்சல் இல்லியே."

"அறுபது வயசு ஒரு தடவதான் வரும், ஒடீலியா."

"அம்பத்தொம்பதும் ஒரு தடவதான் வந்துச்சு. அன்னைக்கு நாலு மணி நேரம் வெயில்ல லாரிக்குள்ள உக்கார வெச்ச."

"அதுக்குத்தான் இது" என்றான். பதிலை முன்னாலேயே தயார் பண்ணி வைத்திருந்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சந்தோஷப்பட்டேன், வேறென்ன. அலமாரியிலிருந்து நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன்.

அந்த வருடம் எங்களுக்கு நேரம் இருந்தது. பதினெட்டு வருடமாக எங்கள் பழத்தை வாங்கிக்கொண்டிருந்த ஒயின் ஆலை, மே மாதம் நாலு வரியில் ஒரு கடிதம் எழுதிக் கையைக் கழுவிவிட்டது. இளவட்டங்கள் ஒயின் குடிப்பதை விட்டுவிட்டார்களாம். டப்பாவில் அடைத்த சோடாத் தண்ணீரைக் குடிக்கிறார்களாம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது ஐந்து ஏக்கர் ஜின்ஃபண்டல் திராட்சை, நாற்பத்தெட்டு வரிசை. முதல் உலகப் போர் நடந்த காலத்தில் யாரோ நட்டது. கம்பி கிடையாது, பந்தல் கிடையாது. ஒவ்வொரு கொடியும் இடுப்பு உயரத்துக்கு முரட்டுக் கட்டையாகத் தனியே நிற்கும். போர்த்துகீசிய அசோர்ஸ் தீவுகளிலிருந்து மாடு கறக்க வந்த என் அப்பா, மிச்சம் பிடித்து வாங்கிய இடம். சாகும்போது மாட்டை என் தம்பிக்கும் கொடியை எனக்கும் எழுதிவைத்தார். பத்திரம் என் பேரில்தான் இருக்கிறது. டிராக்டர் டெல்பர்ட் பேரில் இருக்கிறது. ஊரில் எல்லோரும் அதை டெல்பர்ட் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். நானும் திருத்தியதில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளித் தோட்டம். மலைக்குப் போக அதன் வழியாகத்தான் போவோம். டெல்பர்ட் ஊருக்குள் திரும்பினான்.

"ஏன் சுத்திப் போற?"

"அங்க ரோடு போடுறாங்க."

நான் என் அத்தை சொன்ன வாழ்த்துச் செய்தியைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

முதலில் போன இடம் ஒரு பழைய கொட்டகை. வாசலில் ஓக் மரம், உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். ஐந்து ஒயின் வரிசையாக ஊற்றினார்கள். திராட்சைக்காரர்கள் ருசி பார்க்கும்போது விழுங்க மாட்டோம். வாயில் சுழற்றிவிட்டு மேசையில் இருக்கும் வாளியில் துப்பிவிடுவோம். சுற்றுலா வருகிறவர்கள்தான் விழுங்குவார்கள், மூன்றாவது கோப்பையில் பாட ஆரம்பிப்பார்கள். நான் ஐந்தையும் துப்பினேன். டெல்பர்ட் ஐந்தையும் விழுங்கினான்.

"என்ன, டூரிஸ்ட் ஆயிட்டியா?" என்றேன்.

"உன் பொறந்தநாளு. எனக்குக் குடிக்கணும்போல இருக்கு."

நான் சிரித்தேன். சொன்னேனே, சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டாவது இடம் இன்னும் மேலே, பிளிமத் தாண்டி. அங்கே ஒரு கல்யாணப் பெண்ணும் அவளுடைய ஏழெட்டுத் தோழிகளும் ஒரே நிறத்தில் நாடா அணிந்துகொண்டு கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஊற்றியவள் மார்லிஸ் என்ற ஐம்பது வயதுக்காரி. சாயம் போன ஜீன்ஸ், விரல் இடுக்கெல்லாம் ஊதாக் கறை. பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஜன்னலுக்கு வெளியே சரிவைக் காட்டி, "அந்தத் துண்ட நேத்துதான் பறிச்சோம். நாலு மணிக்கு ஆரம்பிச்சு வெயிலுக்கு முன்னாடி முடிச்சுட்டோம்" என்றாள்.

நான் டெல்பர்ட் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தேன்.

இதை வெளியாட்களுக்கு எப்படிச் சொல்வது? செப்டம்பரில் ஒரு திராட்சைக்காரனிடம் போய் நேற்றுப் பறித்தோம் என்று சொன்னால் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். சர்க்கரை எவ்வளவு இருந்தது? பழத்தில் நூற்றுக்கு எத்தனை சர்க்கரை ஏறியபோது பறித்தாய்? தேவாலய வாசலில் கேட்பார்கள், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே கேட்பார்கள். என் மாமனாரின் அடக்கத்தில், சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்போது டெல்பர்ட் பக்கத்துத் தோட்டக்காரனிடம் கேட்டான். விற்கிறவனுக்கும் விற்காதவனுக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி.

டெல்பர்ட், "இன்னும் கொஞ்சம் சீஸ் கெடைக்குமா?" என்று கேட்டான்.

நானே மார்லிஸைக் கேட்டேன். "எவ்வளவுல பறிச்சீங்க?"

"இருபத்தஞ்சர."

அவன் தலையைக் கூடத் திருப்பவில்லை. கொடியே இல்லாதவன்தான் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பான்.  சுற்றி வந்த ரோடு, தயாராக வைத்திருந்த பதில், விழுங்கிய ஐந்து கோப்பை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

"டெல். தோட்டத்துல என்ன நடக்குது?"

"என்ன நடக்குது? ஒண்ணும் நடக்கல."

"என்னப் பாத்துச் சொல்லு."

அவன் கோப்பையைப் பார்த்துச் சொன்னான். "ஹெக்டர் வந்திருக்கான்."

ஹெக்டரை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. அவனிடம் ஒரு பொக்லைன் இருக்கிறது. விலை போகாத தோட்டங்களை வேரோடு பிடுங்கிப் போடுகிறான். இரண்டு வருடமாக அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

"எப்ப?"

"எட்டரைக்கு ஆரம்பிச்சிருப்பான்."

"கொடியில பழம் தொங்குது, டெல்."

"யாரு வாங்குற பழம்? இன்னைக்கு விட்டா ஹெக்டர் ஜனவரிலதான் நாள் தருவான். பாதாம் கன்னுக்கு நான் சொல்லி வெச்சாச்சு."

"பாதாமா."

"நீ பாத்தா தாங்க மாட்ட, ஒடீலியா. உனக்குத் தெரியாம முடிஞ்சுட்டா நல்லதுன்னு நெனச்சேன். உன் நல்லதுக்குத்தான்."

"பல்லப் புடுங்குறப்ப கொழந்தைக்குப் பொம்ம காட்டுவாங்களே, அப்பிடிக் கூட்டிட்டு வந்திருக்க என்ன. பொறந்தநாள்னு பேரு வெச்சு."

கல்யாணப் பெண் கூட்டம் கூச்சலை நிறுத்தியிருந்தது. மார்லிஸ் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

"ஹெக்டருக்குப் போன் போடு. நிறுத்தச் சொல்லு."

"பாதி போயிருக்கும். பாதித் தோட்டத்த வெச்சுட்டு என்ன பண்ணப் போற?"

"அத நான் பாத்துக்குறேன். போன் போடு."

"மாட்டேன். இப்ப கோவத்துல பேசுற. ஒரு வாரம் போகட்டும், நான் செஞ்சது சரின்னு நீயே சொல்லுவ."

அந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் அவன் சொன்னது முழுப் பொய் இல்லை. ஜூலையில் ஒரு மத்தியானம் அந்தக் கொடிகளுக்கு நடுவே நின்று, இதை எத்தனை வருடம் கட்டியழ முடியும் என்று நானே யோசித்திருக்கிறேன். எனக்கும் முதுகு வலிக்கிறது. டெல்பர்ட் என்னிடம் வந்து, பழத்தைப் பறித்துவிட்டு ஜனவரியில் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் சரி என்றிருப்பேன், பெரும்பாலும். ஆனால் அவன் கேட்கவில்லை. என் நிலத்தில் என்ன நிற்க வேண்டும், என்ன சாக வேண்டும் என்று என்னைக் கேட்கத் தேவையில்லை என்று முடிவு பண்ணி, எனக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பிக்கப் வண்டியின் சாவி அவன் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன்.

"சாவியக் குடு. இந்தக் கோவத்துல நீ வண்டி ஓட்டக் கூடாது."

"நான் துப்பியிருக்கேன். நீ முழுங்கியிருக்க."

"நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"நாள் பூரா ஒயின் ருசி பாக்குறோம்னு சொன்னியே. பாரு."

மார்லிஸ் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

மலையிலிருந்து இறங்க ஒரு மணி நேரம். போன் ஏழு தடவை அடித்தது, ஏழும் அவன். எட்டாவது அடிக்கவில்லை. வழியெல்லாம் காய்ந்த புல், குதிரைகள், ஓட்டை விழுந்த தபால் பெட்டிகள். எனக்கு ஒன்றும் மனதில் பதியவில்லை. ஒரே கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரிசைக்கு எவ்வளவு நேரம்? கம்பி இருந்தால் அதை அறுத்து எடுக்க வேண்டும், கம்பங்களைப் பிடுங்க வேண்டும், இரண்டு நாள் இழுக்கும். எங்கள் கொடிகளில் கம்பி கிடையாது. அவன் பாட்டுக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போகலாம். அவ்வளவு சுலபம். ஸ்டியரிங்கை அடித்தேன், கை வலித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஹெக்டர் பொக்லைன் நிழலில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வாயைத் துடைத்தான்.

"அக்கா, நீங்க வெளியூர்ல இருப்பீங்கன்னு டெல்பர்ட் சொன்னாரு."

"வேற என்ன சொன்னான்?"

"உங்களுக்குச் சம்மதம்தான், கண்ணால பாக்கத்தான் மனசு இல்லன்னாரு. அதான் வெளிய கூட்டிட்டுப் போறேன்னாரு."

என் சம்மதத்தையும் என் பேரில் அவனே கொடுத்துவிட்டிருந்தான்.

"எத்தன வரிச போச்சு?"

"பத்தொம்போது."

"இருபதாவது போகாது. மெஷின ஏத்திட்டுக் கெளம்பு."

ஹெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் வர்றதில்ல. வேலைய ஒத்துக்கிட்டேன், முடிச்சிட்டுப் போயிடுறேன். நாளைக்கு வேற எடம் போகணும்."

"நெலம் யாரு பேர்ல இருக்குன்னு கேட்டியா?"

"டெல்பர்ட்தானே விவசாயம் பண்றாரு."

"நான் அதக் கேக்கல."

 நான் பொக்லைனின் சங்கிலிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, அவனுடைய இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு. அறுபது வயதில் முட்டி மடங்க மாட்டேன் என்றது. ஆனாலும் ஏறிவிட்டேன்.

"எறக்கணும்னா போலீஸக் கூப்புடு, ஹெக்டர். அவங்க வந்தா மொதல்ல பத்திரத்தத்தான் கேப்பாங்க."

அவன் கீழிருந்து என்னை அண்ணாந்து பார்த்தான். பிறகு மிச்சச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டினான்.

"எறங்குங்க அக்கா. அந்த சீட்டுல எண்ணெய்க் கறை இருக்கு, நல்ல துணி வீணாப் போயிரும். நான் கெளம்புறேன். டெல்பர்ட்டுக்கு நீங்களே சொல்லிக்கோங்க. என்னால முடியாது."

"நான்தான் சொல்லுவேன்."

அவன் வண்டி போன பிறகு பிடுங்கிப் போட்ட பக்கம் நடந்தேன். வேர்கள் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தன. என் உயரத்தைவிட நீளமான வேர்கள். பழம் அப்படியே குலை குலையாக ஒட்டியிருந்தது, குளவிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். இருபத்தாறு இருக்கும். இன்னும் இரண்டு நாளில் பறித்திருக்க வேண்டியது. மண்ணில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன், ரொம்ப நேரம். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. செத்தது நூறு வயது தாண்டிய உயிர்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் போர்த்துகீசியர் சங்கக் கூடத்துக்குப் போன் போட்டேன். திருவிழாவுக்குச் சமைக்கும் லிடுவீனா எடுத்தாள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் பின்னால் பீப்பாய் வைத்திருக்கிறார்கள். சொந்தத்துக்கு ஒயின் போடுவார்கள்.

"பழம் வேணுமா? இருபத்தொம்போது வரிச. வாளி, கத்தி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

"எவ்வளவு சர்க்கர?" என்றாள் லிடுவீனா.

எனக்குத் திரும்ப அழுகை வரப் பார்த்தது. "இருபத்தாறு" என்றேன்.

"ஒரு மணி நேரத்துல வர்றோம். உனக்கு இன்னைக்குப் பொறந்தநாளு இல்ல?"

"ஆமா. கைய வீசிட்டு வராத, சோறு கொண்டா."

மூன்று மணிக்குள் ஏழு பிக்கப் வந்து நின்றன. பழத்தொட்டி, பிளாஸ்டிக் வாளி, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். லிடுவீனா இனிப்பு ரொட்டியும் பன்றி இறைச்சியும் கொண்டுவந்தாள். பிடுங்கிப் போட்ட வரிசைகளைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று தெரிந்திருக்கும். குனிந்து பறிக்க ஆரம்பித்தார்கள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இருபதாவது வரிசையில் நுழைந்தேன். நீலச் சட்டை ஊதாவாக மாறியது.

ஐந்து மணி வாக்கில் சாலையில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு நீளமான வேன் வந்து மண் தடத்தில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு, நாடா அணிந்த கல்யாணப் பெண் கூட்டத்துக்கு நடுவிலிருந்து டெல்பர்ட் இறங்கினான். கையில் வெள்ளை அட்டைப் பெட்டி. மூன்றாவது இடத்தில் எனக்காகச் சொல்லி வைத்திருந்த கேக். வழியில் நிறுத்தச் சொல்லி அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். கல்யாணப் பெண் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "மேடம், வழி பூரா அழுதுட்டே வந்தாரு" என்றாள்.

"நல்லது" என்றேன்.

வேன் திரும்பிப் போயிற்று. டெல்பர்ட் பிடுங்கிப் போட்ட பக்கத்தைப் பார்த்தான், பிறகு நிற்கும் கொடிகளைப் பார்த்தான், குனிந்திருக்கும் முதுகுகளைப் பார்த்தான். யாரும் நிமிரவில்லை. லிடுவீனாவின் புருஷன் அவனோடு முப்பது வருடமாகச் சீட்டாடுகிறவன். அவன்கூட நிமிரவில்லை.

"நீ பாக்க வேணாம்னு நெனச்சேன்" என்றான் டெல்பர்ட்.

"பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல, உயிரோடதான் இருக்கேன்."

"வாங்குறதுக்கு ஆளே இல்லாம அடுத்த வருஷம் இத என்ன பண்ணப் போற?"

"தெரியல. புடுங்கினாலும் புடுங்குவேன். அப்ப ஹெக்டருக்கு நான் போன் போடுவேன். பக்கத்துலயே நின்னு பாப்பேன்."

அவன் தலையை ஆட்டினான். கேக் பெட்டி அவன் கையில் கோணலாக இருந்தது. ஒயின் வெறியெல்லாம் இறங்கிவிட்டிருந்தது, கண் சிவந்திருந்தது. நான் அந்த ஆளை நேசிக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கதை பொய்யாகிவிடும். கிட்டே வந்து கேட்டான்.

"ஒடீலியா, நானும் பறிக்கட்டுமா?"

முப்பத்துநாலு வருடத்தில் இந்த ஐந்து ஏக்கரைப் பற்றி அவன் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்து வரிசைகளில் கத்திச் சத்தம் நின்றது. எல்லோரும் என் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றேன். "பத்தொம்போது வரிசைக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

 அவன் கேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டித் தடத்திலேயே நின்றான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கொடிக்குப் போனேன்.